வேலுத்தாய் வாயில் முளைத்த பெரிய மனிதர்கள்

சத்தியம். புளுகில்லை, புனைசுருட்டில்லை, கையிலிருந்து ஒரு எழுத்துக்கூடப் போடவில்லை. என் வாயில் மிச்சமிருக்கிற பற்கள்மேல் ஆணையாகச் சொல்கிறேன், இதில் ஒரு வரி பொய்யென்றால் நாளைக் காலையில் அத்தனையும் உதிர்ந்து, இட்லியைக்கூடத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற கதி எனக்கு வரட்டும். நம்பாதவர்கள் செவக்காட்டுக்குப் போய் விசாரித்துக்கொள்ளலாம். அப்படி ஒன்றும் நடக்கவே இல்லை என்று ஊரே ஒரே குரலில் சொல்லும். அந்த ஊர் ஒரே குரலில் சொன்ன எதுவும் இதுவரை உண்மையாக இருந்ததில்லை, எனக்கு அந்தச் சாட்சி போதும்.

செவக்காடு மிளகாய் மண்டிகளின் ஊர். தெருவிலும் மொட்டை மாடியிலும் ரயிலடியிலும் வற்றல் காயும்; காற்றிலே காரம் பறக்கும்; கல்யாணத்தில் தாலி கட்டும்போது மாப்பிள்ளை தும்முவான், பிரசங்கத்தில் பேச்சாளர் தும்முவார், திருடப் போனவன் தும்மித்தான் பிடிபடுவான், இழவு வீட்டில் அழுகிறவன் துக்கத்தில் அழுகிறானா வற்றல் நெடியில் அழுகிறானா என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது, அதனால் அந்த ஊரில் எல்லோருமே நல்ல பிள்ளைகள், எல்லோருமே பாசக்காரர்கள், எல்லோருமே செத்துப்போன அப்பனுக்காகக் கண்ணீர் விட்டவர்கள்.

அந்த ஊரில் ராசாங்கத்தின் மண்டியில் மிளகாய்க்குக் காம்பு கிள்ளுகிறவள் காளீஸ்வரி. புருஷன் லாரியில் கிளீனராக வடக்கே போனான். லாரி திரும்பி வந்தது, அவன் வரவில்லை. ராசாங்கத்துக்குச் சொந்தமான லைன் வீடுகளில் கடைசி வீட்டில் அவளும் அவள் மகள் வேலுத்தாயும் இருந்தார்கள். வேலுத்தாய்க்கு ஆறு வயது. உலகத்தில் அவளுக்கு இருந்த ஒரே லட்சியம் கடலை மிட்டாயை யாருடைய உதவியும் இல்லாமல் முன்பல்லால் கடித்து உடைப்பது.

அந்த முன்பல்தான் ஆடி விழுந்தது. ஆறு வயதில் எல்லாப் பிள்ளைக்கும் விழுவதுதான். காளீஸ்வரி வழக்கப்படி அதைச் சாணியில் பொதிந்து மகள் கையில் கொடுத்து, கூரைமேல் எறியச் சொன்னாள். பிள்ளைக்குக் கை வீச்சு அதிகம். சாணி உருண்டை லைன் வீட்டுக் கூரையைத் தாண்டி, அடுத்திருந்த ராசாங்கத்தின் மாளிகை மொட்டை மாடியில் போய் விழுந்தது. எல்லாவற்றுக்கும் அதுதான் காரணம் என்று பிறகு சிலர் சொன்னார்கள், வேறு சிலர் தண்ணீர்க் கோளாறு என்றார்கள். தெருச் சாக்கடை ஏன் வருஷம் முழுக்க வழிகிறது என்று ஒருநாளும் கேட்காத ஊருக்கு, பல் ஏன் முளைத்தது என்று கேட்க என்ன யோக்கியதை இருக்கிறது? அதை விடுங்கள்.

பிள்ளை வாயில், பல் விழுந்த இடத்தில் முளைத்த பல் ஆறு வயதுப் பிள்ளையின் பல்லாக இல்லை. பெரிதாக, மஞ்சளாக, வெற்றிலைக் கறை ஏறி, ஓரம் தேய்ந்து, அறுபது வருஷம் பாக்குக் கடித்த பல்லாக இருந்தது.

மண்டிக்கு வற்றல் வாங்க வந்த தலைமையாசிரியர் திருவேங்கடம்தான் அதை முதலில் பார்த்தார். கணக்கு வாத்தியாராக இருந்து தலைமையாசிரியராகி ஓய்வு பெற்றபிறகு, கூப்பிட்ட மேடையிலும் கூப்பிடாத மேடையிலும் பேசிக்கொண்டிருந்தவர். மூட்டைமேல் உட்கார்ந்திருந்த வேலுத்தாய் கொட்டாவி விட்டாள். வாத்தியார் கையிலிருந்த பை நழுவியது.

"ஆத்தா" என்றார்.

காளீஸ்வரி நிமிர்ந்தாள். "என்னங்கய்யா?"

"எங்க ஆத்தா பல்லும்மா இது. இந்த ஓரம் பாரு, கொட்டைப்பாக்கு கடிச்சு தேஞ்ச ஓரம். இந்தப் பல்லைக் கடிச்சுக்கிட்டுத்தான் என் சம்சாரத்தை வைவாக."

"வாத்தியாரய்யா, அது எம் மக பல்லு."

"உம் மக வெத்தலை போடுறாளா?"

"ஆறு வயசுப் பிள்ளை எங்கய்யா வெத்தலை போடும்?"

"பிறகு கறை எப்படி வந்துச்சு? எங்க ஆத்தா பல்லுதான்."

கணக்கு வாத்தியார் கணக்கை முடித்துவிட்டார். அந்த ஆத்தா உயிரோடு இருந்த கடைசிக் காலத்தை மாட்டுக்கொட்டகைச் சாய்ப்பில் கழித்தவள் என்பதும், அவள் வெற்றிலை மெல்லுகிற வாயைப் பார்க்கப் பிடிக்காமல் இவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டவர் என்பதும் ஊருக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கு அவர் அந்தப் பல்லைப் பார்த்துக் கண் கலங்கி நின்றார். வற்றல் மூட்டைக்குப் பக்கத்தில் நின்றார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்து முளைத்தது ஓரம் உடைந்த பல். பஸ் நிலையத்தில் இட்லிக் கடை போட்டிருந்த சீனியம்மா வந்து பார்த்தாள், இடுப்பில் கை வைத்தாள், "இவனேதான்" என்றாள். "சோடாப் பாட்டிலைக் கடிச்சுத் திறக்கிறேன்னு உடைச்சுக்கிட்ட பல்லு. இதைக் காட்டிச் சிரிச்சுத்தான் என்னைக் கட்டினான். கட்டினப்புறம் ஒருநாளும் காட்டலை." கொஞ்ச நேரம் பல்லைத் திட்டிவிட்டு, போகும்போது, "வலிக்குதாடி தங்கம்?" என்று பிள்ளையைக் கேட்டாள். அந்தக் கேள்வியை அந்த ஊரில் கேட்டது அவள் ஒருத்திதான், அதனால்தான் அவள் பெயரை மரியாதையோடு சொல்கிறேன்.

பிறகு முளைத்தது தங்கப்பல்.

ராசாங்கத்தின் அப்பா முத்திருளப்பர், தங்கப்பல் முத்திருளப்பர் என்றே பெயர் வாங்கியவர். அவர் சிரித்தால் எதிரே நிற்கிறவன் கண் கூசி எடைக்கல்லைப் பார்க்க மாட்டான், அப்படித்தான் மண்டி பெரிதானது. அவருடைய சிரிக்கிற போட்டோ, ஆள் உயரத்துக்கு, மாலையும் சீரியல் விளக்கும் போட்டு மண்டி வாசலில் மாட்டியிருந்தது. ராசாங்கம் பிள்ளையின் வாயைப் பார்த்தார், போட்டோவைப் பார்த்தார், மறுபடி வாயைப் பார்த்தார், மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, காம்பு கிள்ளுகிறவள் மகளின் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"கடிக்கணும்போல இருக்கு" என்றாள் வேலுத்தாய்.

"என்ன வேணும்னு கேளு" என்றார் ராசாங்கம், தரையில் இருந்தபடியே. "அப்பாவுக்கு ஆட்டு நெஞ்செலும்பு பிடிக்கும்."

"எலும்பு இல்ல. உங்களை."

ஊர் அதை ஆசீர்வாதம் என்று எடுத்துக்கொண்டது.

காளீஸ்வரி மகளைத் தூக்கிக்கொண்டு அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே பல் டாக்டராக ஜெசிந்தா புதிதாக வந்திருந்தார், நாகர்கோவில் பக்கத்துக்காரர், வார்த்தையைச் சுண்டி எறிகிற மாதிரிப் பேசுகிறவர். "வாயைத் திற மக்களே" என்றார். திறந்த வாய்க்குள் விளக்கடித்து, ஒவ்வொரு பல்லாகத் தட்டி, தடித்துப்போன ஈறை விரலால் அமுக்கிப் பார்த்து, படம் எடுத்து, படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் நின்றார். ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை. அரசாங்க வேலைக்கு வந்தவர்கள் எதையும் ஒருமுறை புத்தகத்திலாவது பார்த்திருப்பார்கள்.

"தாடை எலும்புக்குள்ளே பல்லுக்கட்டி. ஒரு பைக்குள்ளே திணிச்ச மாதிரி சின்னதும் பெரிசுமா பல்லா இருக்கு. ஈறும் தடிச்சுக்கிட்டு வருது. ரொம்ப அபூர்வமா ஒரு பிள்ளைக்கு வரும். படிச்சிருக்கேன், பார்க்கிறது இப்போதான்."

"தங்கம் கட்டின பல்லும் அந்தப் புத்தகத்துல இருக்கா டாக்டரம்மா?"

டாக்டர் படத்தை மறுபடி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அது இல்லை. ஆனா பிடுங்குற விதம் ஒண்ணுதான்." படத்தை அவள் பக்கம் திருப்பினார். "இங்கே பாரும்மா. இந்தக் கூட்டத்துக்குக் கீழே வெள்ளையா, சின்னச் சின்னதா வரிசையா நிக்குதில்லே, அதுதான் உன் பிள்ளையோட சொந்தப் பல்லு. மேலே வர வழி இல்லாம நிக்குது. மேலே இருக்கிறதை எல்லாம் எடுத்தாத்தான் அது வரும். நாள் கடத்தினா தாடையே கோணிப் போயிரும்."

காளீஸ்வரி அந்தச் சின்ன வெள்ளை வரிசையைப் பார்த்தாள். மண்டி வாசலில் சம்பள நாளில் பெண்கள் நிற்கிற வரிசை மாதிரி இருந்தது. "எடுத்துருங்க" என்றாள்.

எடுக்க விட்டால்தானே. டாக்டர் பிடுங்கச் சொன்ன சேதி அவள் வீடு திரும்புவதற்குள் ஊரைச் சுற்றிவிட்டது. சாயங்காலமே மண்டியில் கூட்டம் போட்டு 'முன்னோர் பல் பாதுகாப்புக் குழு' என்று ஒன்றைத் தொடங்கி, ராசாங்கத்தைத் தலைவராகவும் வாத்தியாரைச் செயலாளராகவும் போட்டுக்கொண்டார்கள். ராசாங்கம் லைன் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"இந்தா பாரு காளீசு, எங்கப்பா குடியிருக்கிற வாயை வச்சுக்கிட்டு நீ கண்டபடி ஆஸ்பத்திரிக்குப் போகக் கூடாது. வாடகை வேண்டாம். காம்பு கிள்ளவும் வர வேண்டாம். பிள்ளையை மட்டும் நல்லாப் பார்த்துக்க. பல்லு ஒண்ணு அசைஞ்சாலும் வீட்டைக் காலி பண்ணிற வேண்டியதுதான்."

"முதலாளி, பிள்ளைக்கு வாயை மூட முடியலை."

"எதுக்கு மூடணும்? வர்றவங்க எல்லாம் பார்க்க வேண்டாமா?"

அப்புறம் அந்த ஊர் அடித்த கூத்தை என்னவென்று சொல்வேன். மண்டி வாசலில் ஒரு குஷன் நாற்காலி போட்டு, அதில் வேலுத்தாயை உட்கார வைத்து, மேலே பந்தல் போட்டு, வரிசைக்குக் கயிறு கட்டினார்கள். முளைத்த பல்லுக்கெல்லாம் உறவுக்காரர்கள் வந்தார்கள். தாத்தனின் வேட்டி நிறம் ஞாபகமில்லாதவனுக்குத் தாத்தனின் கடைவாய்ப்பல் ஞாபகம் இருந்தது. ஒரே கோரைப்பல்லுக்கு இரண்டு குடும்பங்கள் அடித்துக்கொண்டு போலீஸ் வரை போய், கடைசியில் காலையில் ஒரு குடும்பம், மாலையில் ஒரு குடும்பம் என்று முறை வைத்துக் கும்பிட்டார்கள். பல் கிடைக்காத குடும்பங்களில் பெண் எடுக்க ஆட்கள் யோசித்தார்கள். "உங்க வீட்டுல யாரும் முளைக்கலையா?" என்று கேட்பது செவக்காட்டில் மிகப் பெரிய அவமானமாக ஆனது.

அமாவாசைக்குக் காக்கைக்குச் சோறு வைக்கிற பழக்கம் நின்றுபோனது. நேராக வாயிலேயே அப்பன் இருக்கும்போது காக்கை எதற்கு? அந்த ஊர்க் காக்கைகள் மண்டிக் கூரையில் வரிசையாக உட்கார்ந்து, வேலை போன மில் தொழிலாளிகள் மாதிரி, தங்கள் சோறு இன்னொரு வாய்க்குள் போவதைப் பார்த்துக்கொண்டிருக்கும். வாத்தியார் வெற்றிலை மடித்துக் கொண்டுவந்து பிள்ளை வாயில் திணிப்பார், ராசாங்கம் நெஞ்செலும்பு கொண்டுவருவார், இன்னொருவன் கருவாடு, இன்னொருத்தி மூக்குப்பொடி மட்டை, இன்னொருவன் சுருட்டையே பற்றவைத்துக்கொண்டு வந்துவிட்டான், அவனைக் காளீஸ்வரி விளக்குமாற்றால் விரட்டினாள். உயிரோடு இருந்தபோது ஒரு வாய்த் தண்ணீருக்கு மூன்று தடவை கூப்பிட வேண்டியிருந்த கிழடுகளுக்கு, பல்லாக முளைத்தபிறகு ராஜ உபசாரம். செத்தவர்கள் பேச மாட்டார்கள், பல் மட்டும்தான் இருக்கும், நாக்கு இருக்காது என்பதில் அந்த ஊருக்கு எத்தனை நிம்மதி என்று நினைத்துப் பாருங்கள்.

வேலுத்தாய் நாளெல்லாம் திறந்த வாயோடு, தாடையில் எச்சில் வழிய, அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"கடலை மிட்டாய் வேணும்" என்றாள் ஒருநாள், வார்த்தைகள் பற்களின் கூட்டத்தில் இடித்துக்கொண்டு வர.

"எங்க ஆத்தாவுக்குக் கடலை ஒத்துக்காது" என்றார் வாத்தியார்.

"அப்பாவுக்கு இனிப்பே ஆகாது. சர்க்கரை" என்றார் ராசாங்கம்.

"பல்லு உங்களது. வாயி என்னுதுதானே?"

குழு அதைக் குறித்துக்கொண்டது. அடுத்த கூட்டத்தில் விவாதிக்கலாம் என்று முடிவு செய்தார்கள்.

ஆவணி பிறந்தபோது தங்கப்பல்லில் இருந்து நாற்றம் வந்தது. வெளியே தங்கம், உள்ளே சொத்தை. முத்திருளப்பர் வாழ்ந்த விதத்திலேயே பல்லும் இருந்தது. மேலே தகடு பளபளவென்று மின்ன, அடியில் அது அழுகிக்கொண்டிருந்தது. ராசாங்கம் மூக்கைப் பொத்திக்கொண்டு, அப்பா பூசுகிற ஜவ்வாது இப்படித்தான் மணக்கும் என்றார். வரிசையில் நின்றவர்கள், ஆமாம், நல்ல மணம் என்றார்கள். பிள்ளையின் கன்னம் வீங்கியது. பெரியவருடைய முகவெட்டு வருகிறது என்றார்கள். தாடை வீங்கிக் கழுத்தோடு ஒன்றானது. பெரியவருக்கும் கழுத்து கிடையாது என்றார்கள். காய்ச்சலில் உடம்பு கொதித்தது. கண்ணில் என்ன தேஜஸ் என்றார்கள்.

ஒருநாள் காலையில் பிள்ளை தண்ணீரை விழுங்க முடியாமல் துப்பியது. காளீஸ்வரி வரிசைக் கயிற்றை அவிழ்த்து எறிந்து, மகளைத் தோளில் போட்டுக்கொண்டு, பட்டப்பகலில், கடைத்தெரு நடுவே ஓடினாள். குழு பின்னால் ஓடியது. குழுவின் பின்னால் ஊர் ஓடியது.

டாக்டர் ஜெசிந்தா பிள்ளையை உள்ளே படுக்க வைத்துவிட்டு வெளியே வந்தபோது ஆஸ்பத்திரிப் படிக்கட்டு முழுக்க ஆட்கள். ராசாங்கம் முதல் படியில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார், சட்டையில் அப்பாவின் படம் போட்ட பேட்ஜ் குத்தி. மயக்க மருந்து கொடுக்கிற டாக்டரை வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தார்கள்.

"வழி விடுங்க" என்றார் டாக்டர். "சீழ் கழுத்துக்குள்ளே இறங்கிக்கிட்டிருக்கு. இப்படியே விட்டா மூச்சுக்குழல் அடைச்சிரும். ராத்திரி தாங்காது."

"எங்கப்பாவை ஒரு தடவை தூக்கிக் கொடுத்துட்டோம்" என்றார் ராசாங்கம். "இன்னொரு தடவை கொடுக்க முடியாது."

கை தட்டினார்கள். கேளுங்கள், உள்ளே ஒரு பிள்ளை மூச்சுக்கு இழுத்துக்கொண்டிருக்கிறது, வெளியே கை தட்டுகிறார்கள்.

டாக்டருக்கு முகம் சிவந்தது. "இது யாருடைய பல்லுன்னு சொல்றீங்களோ அவங்க முன்னாடி வாங்க, நான் பேசிக்கிறேன். சொத்தை எடுத்துத்தான் ஆகணும். எடுக்காம விட மாட்டேன்." சொல்லிவிட்டு, பிள்ளை இருமுகிற சத்தம் கேட்டு உள்ளே ஓடிவிட்டார்.

கூட்டத்தின் பின்னால், சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் ஒரு கிழவன் நின்றுகொண்டிருந்தான். பின்னால் நின்றவர்களுக்குச் சரியாகக் காதில் விழவில்லை.

"என்ன சொல்லுது அந்தம்மா?"

"யாருடைய பல்லுன்னு சொல்றீகளோ அவங்க" என்று தொடங்கினான் கிழவன். அப்போது அவனுக்கு ஒரு தும்மல் வந்தது. மிளகாய் ஊரில் தும்மல் வருவது குற்றமா? தும்மல் நடுவில் சில வார்த்தைகளைத் தின்றுவிட்டது. மூக்கைத் துடைத்துக்கொண்டு மிச்சத்தைச் சொன்னான்: "சொத்தை எடுத்துத்தான் ஆகணுமாம். எடுக்காம விட மாட்டாகளாம்."

டாக்டர் சொன்ன வார்த்தைகள்தான். கிழவன் ஒரு எழுத்தைக்கூடச் சேர்க்கவில்லை.

"யாரு சொத்தை?"

"எனக்கென்னப்பா தெரியும். பல்லு யாருதோ அவுக சொத்தாத்தான இருக்கும்."

"அதெப்படி எடுப்பாக?"

"செத்தவரு திரும்பி வந்துட்டாருன்னு சொல்றது நாமதானே. திரும்பி வந்தவருக்கு அவரு மண்டி, அவரு வீடு, அவரு தோட்டம் சொந்தமில்லையா? நடுவுல வச்சிருக்கிறவன் கொடுக்க வேண்டியதுதானே?"

கிழவன் இதோடு சரி. மீதியை ஊர் பார்த்துக்கொண்டது. சேதி சைக்கிள் நிறுத்தத்திலிருந்து படிக்கட்டுக்குப் போவதற்குள் வளர்ந்து மீசை முளைத்துவிட்டது. தாசில்தார் ஜீப்பில் ஏறிவிட்டார் என்றான் ஒருவன். பல் எந்த வாயில் முளைத்ததோ அந்தப் பிள்ளை பேருக்குப் பத்திரம் மாற்றச் சட்டம் வந்துவிட்டது என்றான் இன்னொருவன், அவன் வக்கீலுக்கு டீ வாங்கிக் கொடுக்கிற வேலை பார்த்தவன், அதனால் அது உறுதியாகிவிட்டது. எல்லாருக்கும் கடைசியாகத்தான் முதல் படியில் இருந்த ராசாங்கத்துக்குச் சேதி போனது. அவருடைய மச்சான் குனிந்து காதில் சொன்னான். சட்டையில் இருந்த பேட்ஜை ராசாங்கத்தின் கை தானாகவே கழற்றிப் பைக்குள் போட்டது.

முதலில் எழுந்தவர் வாத்தியார். மேடையில் பேசுகிற தமிழ் வந்துவிட்டது. "பெரியோர்களே, என் தாயாருக்குப் பற்கள் இருந்தன என்பதற்கு எந்தவிதமான ஆதாரமும் இல்லை. உணர்ச்சிவசப்பட்டு முன்பு சில கருத்துகளைத் தெரிவித்திருக்கலாம். அவற்றைத் திரும்பப் பெறுகிறேன்." மாட்டுக்கொட்டகையும் அதை ஒட்டிய தென்னந்தோப்பும் ஆத்தா பேரில் இருந்தன.

கோரைப்பல்லுக்கு அடித்துக்கொண்ட இரண்டு குடும்பமும் மறுபடி அடித்துக்கொண்டன. "உங்க தாத்தா பல்லுதானப்பா, நீங்கதானே போலீஸ்ல சொன்னீக." "நாங்க எங்க சொன்னோம்? காலையில நீங்கதான் மாலை போட்டீக." பொடிமட்டைக்காரி, தன் மாமியார் செத்ததே இல்லை, பழனியில் இருக்கிறாள் என்றாள்.

ராசாங்கம் எழுந்தார். "எங்கப்பாவுக்குப் பல்லே கிடையாது" என்றார். "பிறந்ததிலிருந்து பொக்கை."

"அப்ப மண்டியில மாட்டியிருக்கிற போட்டோ?" என்று கேட்டாள் சீனியம்மா.

"அது போட்டோக்காரன் செஞ்ச வேலை. லைட்டு பட்டு மினுங்குது."

"பிள்ளை முன்னாடி வந்து சொல்லும் அதை."

வேறு வழியில்லாமல் அவர் உள்ளே போனார். பின்னால் சிலர் எட்டிப் பார்த்தார்கள். கட்டிலில் வேலுத்தாய் கிடந்தாள், மூட முடியாத வாயோடு. ஜன்னல் வெயில் பட்டுத் தங்கப்பல் தகதகத்தது. ராசாங்கம் அதைப் பார்க்காமல் குளுக்கோஸ் பாட்டிலைப் பார்த்துக்கொண்டு, "இந்த வாயில இருக்கிறது யாருன்னே எனக்குத் தெரியாது" என்றார். தங்கப்பல் கடகடவென்று ஆடியது. பிள்ளையின் தாடையே அந்த ஆட்டத்தில் குலுங்கியது. ராசாங்கம் இரண்டடி பின்னால் போனார்.

"டாக்டரம்மா" என்றாள் சீனியம்மா வாசலில் நின்று, "அந்த உடைஞ்ச பல்லு என் வீட்டுக்காரன்தான். அவன் விட்டுட்டுப் போன சொத்து ஒரு இட்லிச் சட்டி, அதுலயும் ஓட்டை. வேணும்னா எழுதி வாங்கிக்கங்க. பல்லைப் பிடுங்குங்க."

டாக்டருக்கு இதில் ஒன்றும் விளங்கவில்லை. விளக்கம் கேட்க அவருக்கு நேரமும் இல்லை. "எல்லாரும் வெளியே போங்க" என்றார். போக யாரும் இல்லை. எட்டிப் பார்த்தவர்கள் போய்விட்டார்கள், படிக்கட்டு காலியாகக் கிடந்தது, வேகத்தில் விட்டுப்போன செருப்புகள் மட்டும் இருந்தன. மயக்க டாக்டர் அந்தச் செருப்புகளைத் தாண்டி உள்ளே வந்தார்.

கழுத்தில் கீறிச் சீழை வடித்தார்கள். ஈறைப் பிளந்து, எலும்புக்குள் இருந்த பையைத் திறந்து, பெரிய மனிதர்களை ஒவ்வொருவராக வெளியே எடுத்தார்கள். வாத்தியாரின் ஆத்தா சுலபமாக வந்தாள், இருந்த இடத்தில் அவளுக்கு ஒன்றும் பிடிப்பு இல்லை. கோரைப்பல் இரண்டாக உடைந்து வந்தது. முத்திருளப்பர்தான் கடைசி. டாக்டர் காலைக் கட்டிலில் உதைத்துக்கொண்டு இழுத்தார். மூன்று ஊர் தள்ளி ரயிலில் போனவர்கள்கூட ஏதோ வேர் அறுந்த சத்தம் கேட்டதாகச் சொன்னார்கள், நானும் கேட்டேன்.

காளீஸ்வரி வராந்தாவில், வயிற்றில் கையைக் கட்டிக்கொண்டு, சுவரோடு சுவராக உட்கார்ந்திருந்தாள். டாக்டர் ஒரு ஸ்டீல் கிண்ணத்தோடு வெளியே வந்து அவள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார்.

"மூச்சு நல்லா வருது. வாயை மூடிக்கிட்டுத் தூங்குறா."

காளீஸ்வரி அப்போதுதான் அழுதாள். ஆஸ்பத்திரியில் வற்றல் காய்வதில்லை. செவக்காட்டில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நான் பார்த்த கண்ணீர் அது ஒன்றுதான்.

"இது யாருக்கு வேணும்?" என்று டாக்டர் கிண்ணத்தைக் காட்டினார். சீனியம்மா தன்னுடையதை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். மற்றவற்றைக் கேட்க யாரும் வரவில்லை. தங்கம் இருக்கிறதே என்று ராசாங்கத்துக்கு யாரோ சொல்லி அனுப்பினார்கள். ராசாங்கம் மண்டியின் பின்வாசல் வழியாக வெளியூர் போய்விட்டார். போகும் முன் ஒரு பெயின்டரை வரவழைத்து, போட்டோவில் அப்பாவின் வாயை மூடச் சொல்லியிருந்தார். பெயின்டர் தெரிந்த மட்டும் மூடினான். இப்போது பெரியவர் பச்சை மிளகாயைக் கடித்துவிட்டு விருந்தாளிமுன் அடக்கிக்கொண்டிருக்கிறவர் மாதிரி இருக்கிறார்.

வேலுத்தாய் எழுந்து நடமாடத் தொடங்கியதும் காளீஸ்வரி சாணி கொண்டுவந்தாள். ஒவ்வொரு பல்லையும் தனித்தனியாகப் பொதிந்தாள்.

"நம்ம கூரையிலயாம்மா?"

"நம்ம பல்லா இருந்தா நம்ம கூரை. இது அவுக பல்லு. அவுக கூரைக்குப் போகட்டும்."

பிள்ளைக்குக் கை வீச்சு அதிகம் என்று முன்பே சொன்னேன். தெருவில் நடந்துகொண்டே, இது வாத்தியார் வீடு, இது பொடிமட்டை வீடு என்று எறிந்தாள். தங்கப்பல்லை மாளிகை மொட்டை மாடிக்கு எறிந்தபோது, காக்கைகள் எல்லாம் ஒரே சமயத்தில் எழுந்து வழி விட்டன.

ஐப்பசி மழையில் அவை முளைத்தன. வாத்தியார் வீட்டுக் கூரையிலிருந்து வெள்ளைச் சுவரில் வெற்றிலை எச்சில் சிவப்பாக வழிகிறது, அவர் மாதாமாதம் வெள்ளையடிக்கிறார், கேட்டால் செம்மண் காற்று என்பார். மற்ற வீடுகளில் கைப்பிடிச் சுவர் நெடுகப் பற்கள் நிற்கின்றன, திருடன் ஏறாமல் இருக்கக் கண்ணாடிச் சில்லு பதித்தோம் என்பார்கள். ராசாங்கத்தின் மொட்டை மாடியில் முளைத்தது தங்கப்பல். ஆட்டுக்கல் அளவுக்கு வளர்ந்துவிட்டது. பாவம் அவர், உடைக்கவும் மனம் வராது, தங்கம். விற்கவும் முடியாது, எங்கே கிடைத்தது என்று கேட்பான். அப்பா என்று சொல்லவும் முடியாது, பொக்கை. கடைசியில் ஒரு பெரிய கறுப்புத் தண்ணீர்த் தொட்டியை வாங்கி, அடியை அறுத்து, அதன்மேல் கவிழ்த்து வைத்துவிட்டார். அந்தத் தொட்டிக்குப் போகிற குழாயும் இல்லை, வருகிற குழாயும் இல்லை. அவர் காற்று வாங்க மாடிக்கு ஏறினால் தொட்டி கடகடவென்று ஆடுமாம், அதனால் இந்த வேக்காட்டிலும் கீழ் அறையிலேயே கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருக்கிறார்.

காளீஸ்வரி இப்போது சீனியம்மாவின் கடையில் மாவு ஆட்டுகிறாள். தை மாதம் வேலுத்தாய்க்குக் கீழே இரண்டு, மேலே ஒன்று, சொந்தப் பல் முளைத்தது. வெள்ளையாக, சின்னதாக, விளிம்பில் ரம்பம் வைத்து. சீனியம்மா ஒரு கடலை மிட்டாயைக் கொடுத்தாள். பிள்ளை யாருடைய உதவியும் இல்லாமல் முன்பல்லில் வைத்துக் கடித்தாள். கடக் என்ற சத்தத்தில் பஸ் நிலையத்தில் நின்ற பெரிய மனிதர்கள் எல்லாரும் தங்கள் தாடையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள்.

அந்தப் பக்கம் போனால் மாடியை நிமிர்ந்து பாருங்கள், குழாய் இல்லாத தொட்டி தெரியும். தட்டிப் பார்க்க வேண்டாம், விரல் முக்கியம். யார் சொன்னது என்று ராசாங்கத்தின் ஆட்கள் கேட்டால், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவன் சொன்னான், பாதியில் இறங்கிவிட்டான் என்று சொல்லிவிடுங்கள். என் பேர் வேண்டாம். ஒரு கிழவன் சொன்னான் என்றுகூட வாய் தவறிச் சொல்லிவிடாதீர்கள். எல்லாரும் தும்முகிற அந்த ஊரில், வேண்டிய இடத்தில் தும்மத் தெரிந்த கிழவன் ஒருத்தன்தான் இருக்கிறான்.